நாக்கு முறிந்த பெல்ட்



உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டை ஒருமுறை கிளறிப் பாருங்கள். பழைய பெல்ட் ஒன்று சுருண்டு கிடக்கும். தோல் நன்றாகத்தான் இருக்கும். நிறமும் அவ்வளவாக மங்கியிராது. கொளுக்கியில் மட்டும் ஏதோ கோளாறு. எறிய மனமில்லாமலும் கட்ட முடியாமலும் "பிறகு பார்ப்போம்" என்று வைத்திருப்பீர்கள். அந்தப் "பிறகு" இன்னும் வந்திராது. இம்மாதம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கிதாபு ஓதிக்கொடுக்கிற மௌலவிக்குப் பெல்ட் கொளுக்கியில் என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

என்னிடம் ஏழாந்தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளை மூன்று நாட்களாகப் பாடசாலைக்கு வரவில்லை. வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் பட்டாணிச்சூர், வேப்பங்குளம் தாண்டி வந்தால் நெளுக்குளம். அங்கே வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவனுடைய வீடு. காய்ச்சலாக்கும் என்று நினைத்துக்கொண்டு, பாடசாலை விட்டதும் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பினேன். பிள்ளை முற்றத்தில் பந்தடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வீட்டுக்குள் ஓடிவிட்டான். தாய் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார்.

"காய்ச்சல் ஒண்டுமில்ல மௌலவி. இவன்ட பெல்ட் உடைஞ்சு போச்சு. மூத்தவன்ட காற்சட்டை, இவன்ட இடுப்பில நிக்குதில்ல. சணல் கயிறு கட்டித்தான் அனுப்பினன். பள்ளிக்கூடத்தில பெடியன்கள் பகிடி பண்ணினாங்களாம். இனிப் போக மாட்டனெண்டு நிக்கிறான். கூலிக்காசு கைக்கு வந்ததும் புதுசு எடுத்துக் குடுக்கலாமெண்டு இருக்கன்."

சகோதரிகளே, காலைக் கூட்டத்தில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் சீருடையைப் பார்க்கிற ஆசிரியர்களில் நானும் ஒருவன். அந்த வாரம், "என்னடா இது, மாடு கட்டுற கயிறா?" என்று ஒரு பிள்ளையைப் பார்த்துக் கேட்டது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளை இவன்தான்.

தாயிடம் பெல்ட்டை வாங்கிப் பார்த்தேன். வாரில் ஒரு வெடிப்பும் இல்லை, தையலும் விடவில்லை. கொளுக்கியின் நாக்கு மட்டும் முறிந்து எங்கோ விழுந்திருந்தது. ஒரு விரல் நீளமும் இல்லாத கம்பித்துண்டு. அதற்காக ஒரு பிள்ளை மூன்று நாள் பாடத்தை இழந்திருந்தான். சீருடைத் துணியை அரசாங்கம் தருகிறது. பெல்ட்டைத் தருவதில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடி உங்களுக்கு மறந்திராது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆக இருந்தது. விலை ஏறுகிற வேகம் பிற்பாடு தணிந்தது. ஆனால் ஏறிப்போன விலைகள் பெரும்பாலும் இறங்கவில்லை. நாட்கூலி வீட்டில் ஒரு பெல்ட் என்பது ஒரு நேரச் சமையல்.

எது உடைந்தது?

கொளுக்கி என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் (கடையில் பக்கிள் என்று கேட்டால்தான் தருவார்கள்) அதில் பல சாமான்கள் சேர்ந்திருக்கின்றன. வெளியே தெரியும் சட்டம் ஒன்று. சட்டத்தின் நடுவிலோ ஓரத்திலோ போகும் குறுக்குக் கம்பி ஒன்று. அந்தக் கம்பியில் தொங்கி முன்னும் பின்னும் அசைகிற நாக்கு ஒன்று. இவற்றைப் பிடித்திருப்பது வாரின் மடிப்பு. வார் குறுக்குக் கம்பியைச் சுற்றி மடிந்து, தையலாலோ அமுக்குப் பொத்தானாலோ திருகாணியாலோ மூடப்பட்டிருக்கும். மடிப்பின் நடுவில் நாக்கு அசைவதற்கு ஒரு நீளத் துவாரம் இருக்கும். வால் நுனியைச் செருகுகிற தோல் வளையமும் அந்த மடிப்பிலேதான் பெரும்பாலும் மாட்டியிருக்கும்.

"பெல்ட் உடைந்துவிட்டது" என்று வீட்டில் யாராவது சொன்னால், இவற்றில் எது உடைந்தது என்று முதலில் பாருங்கள். சட்டம் உடைவது குறைவு. நாக்கு முறிவதும், மடிப்பின் தையல் விடுவதும், பொத்தான் கழன்றுபோவதும்தான் அதிகம். இந்த மூன்றையும் வீட்டிலே திருத்தலாம். குறடு ஒன்றும், சின்ன அரம் ஒன்றும், ஆணியும் சுத்தியலும், கட்டித் தோலில் இறங்கக்கூடிய ஊசி இரண்டும் இருந்தால் போதும். அரம் இல்லாதவர்கள் சீமெந்துத் தரையில் உரசிக்கொள்ளலாம். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஸ்போக் கம்பியில் ஒரு நாக்கு

அன்று நான் பெல்ட்டை எடுத்துக்கொண்டு சந்திப் பக்கமுள்ள சைக்கிள் திருத்தும் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணை கிளிநொச்சிப் பக்கத்து ஆள். பெல்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல், மூலையில் கிடந்த கழிவுக் கம்பிகளில் ஒன்றை எடுத்து நீட்டினார். சைக்கிள் சில்லின் ஸ்போக் கம்பி. "இதைவிட நல்ல சாமான் இல்லை மௌலவி. நாங்கள் அந்த நாளையில வாளிக் காதிலயிருந்து ரேடியோ ஏரியல் வரைக்கும் இதிலதான் செய்தது" என்றார்.

"அந்த நாள்" என்று அவர் சொன்னது பொருளாதாரத் தடை இருந்த காலத்தை. 1990 முதல் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரை வன்னிக்குள் பல பொருட்கள் போக விடப்படவில்லை. டோர்ச் பற்றரி, சீமெந்து, பெற்றோல் என்று பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெயை மிச்சப்படுத்துவதற்காக ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து விளக்கெரித்தார்கள். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புதிது கிடைக்காத ஊரில் எல்லோரும் திருத்துகிறவர்களாகிவிட்டார்கள். அவர் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. மழை பெய்த வருசம் என்பதுபோலச் சொன்னார்.

இனி வேலைக்கு வருவோம். சாதாரண சைக்கிள் ஸ்போக் இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குக் கம்பி. பிள்ளைகளின் பெல்ட்டுக்கு அது தாராளம். குறுக்குக் கம்பியின் தடிப்பை ஒத்த ஆணி ஒன்றை எடுத்து ஒரு பலகையில் பாதி அறைந்துகொள்ளுங்கள். ஸ்போக்கின் நுனியைக் குறட்டால் பிடித்து அந்த ஆணியைச் சுற்றி வளையுங்கள். முழு வளையமாக மூட வேண்டாம், தூண்டில் கொக்கிபோலத் திறந்திருக்கட்டும். இந்தக் கம்பி விறைப்பானது. ஒரே வளைப்பில் வளைத்துவிட வேண்டும். வளைத்து நிமிர்த்தி மறுபடி வளைத்தால் அந்த இடத்திலேயே முறியும். சிலர் இளக்குவதற்காக அடுப்பில் சிவக்கக் காய்ச்சுவார்கள். ஸ்போக்கில் நாகப் பூச்சு இருப்பதுண்டு. அது எரிந்து வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது. குசினிக்குள் அந்த வேலை வேண்டாம்.

பழைய நாக்கின் மிச்சத்தைக் குறட்டால் விரித்துக் கழற்றிவிட்டு, கொக்கியை மடிப்பின் துவாரத்துக்குள்ளால் குறுக்குக் கம்பியில் கொளுவுங்கள். துவாரம் இறுக்கமாயிருந்தால் மடிப்பைக் கழற்றித்தான் செய்ய வேண்டும். கொளுவிய பின் குறட்டால் மெல்ல அமத்தி மூடுங்கள். நாக்கு இலேசாக ஏறி இறங்க வேண்டும். அதற்குமேல் அமத்தினால் சிக்கி நிற்கும்.

அடுத்தது நீளம். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். நாக்கைச் சட்டத்தின்மேல் படுக்க வையுங்கள். அது சட்டத்தின் எதிர் விளிம்பில் ஏறி, இரண்டு மில்லிமீற்றர் மட்டும் வெளியே நிற்க வேண்டும். குட்டையானால் இழுபடும்போது சட்டத்துக்கு உள்ளே விழுந்துவிடும். நீண்டால் சட்டையைக் கிழிக்கும், குனிகிற பிள்ளையின் வயிற்றில் குத்தும். அளவைக் குறித்து, அந்த இடத்தில் அரத்தால் சுற்றிவரக் கீறி, பின்பு வளைத்தால் கம்பி முறியும். குறட்டால் நறுக்குவதானால் நறுக்குகிற பக்கத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். உருக்குத் துண்டு தெறித்துக் கண்ணுக்குப் போகும். முறிந்த நுனியை உருட்டையாக அராவுங்கள். உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள், கீறாவிட்டால் சரி. கடைசியாக நுனியை ஒரு மயிரளவு கீழ்நோக்கி வளைத்துவிட்டால், சட்டத்தில் அதற்கென்றுள்ள பள்ளத்தில் போய் உட்காரும்.

பெரியவர்களின் அகலப் பெல்ட்டுக்கு ஒற்றை ஸ்போக் மெலிவு. கம்பியைக் குறுக்குக் கம்பியைச் சுற்றி நடுவில் மடித்து, இரண்டு காலையும் ஒட்ட அமத்தி, இரட்டை நாக்காக வைக்கலாம். இரண்டு நுனியும் ஒரே நீளமாக, இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும். கடையில் கிடைத்தால் மூன்று மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி இன்னும் நல்லது. துருப்பிடிக்காது, வளைக்கவும் இலகு.

அன்று எனக்கு இருபது நிமிடம் ஆனது. கைப்பழக்கம் உள்ளவருக்கு அதில் பாதி போதும்.

மடிப்பு விட்டுப்போனால்

தையல் விட்ட பெல்ட்டுக்குச் சகோதரிகளில் பலர் முதலில் தேடுவது சுப்பர் குளூ. வேண்டாம். அந்தப் பசை காய்ந்ததும் கண்ணாடிபோல விறைத்துவிடும், பெல்ட்டோ நாள் முழுவதும் வளைகிற சாமான். ஒட்டிய இடம் வெடித்துப்போகும். அத்தோடு தோலைக் கறுக்கவும் வைக்கும். சைக்கிள் ரியூப் ஒட்டுகிற சொலூஷன் வளைந்து கொடுக்கும் என்பதால் அது பரவாயில்லை. இரண்டு பக்கமும் தடவி, கை ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அமத்த வேண்டும். ஆனால் எந்தப் பசையும் தனியாகக் கொளுக்கியின் இழுவையைத் தாங்காது. தையல் வேண்டும்.

வீட்டுத் தையல் மெசினில் பெல்ட்டைக் கொடுக்காதீர்கள். சாதாரண ஊசி முறியும். கையால் தைப்பதுதான் உண்மையில் உறுதி. மெசின் தையலில் மேல்நூல் ஒன்று அறுந்தால் மற்றவை வரிசையாகக் கழன்றுபோகும். சேணம் தைக்கிறவர்கள் செய்வது வேறு. ஒரு நூலின் இரண்டு நுனியிலும் இரண்டு ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிரே போய் வருகின்றன. ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து நூல் பிடித்துக்கொண்டிருக்கும்.

நூல் நைலோனாகவோ பொலியெஸ்டராகவோ இருக்கட்டும். பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். மீன்பிடிக்கிற தங்கூசி பலமானதுதான், ஆனால் முடிச்சு வழுக்கும், தோலையும் அறுக்கும். தைக்கிற வரியின் நீளத்தைப்போல நான்கு மடங்கும் கையில் பிடிக்கக் கொஞ்சமும் நூல் எடுத்து, மெழுகுதிரித் துண்டில் இரண்டு தரம் இழுங்கள். பழைய துளைகள் நன்றாயிருந்தால் அவற்றிலேயே தையுங்கள். புதிதாகத் துளைப்பதானால் மெல்லிய ஆணியால், நான்கு மில்லிமீற்றருக்கு ஒன்றாகத் துளையுங்கள். நெருக்கிக் குத்தினால் தபால் முத்திரையின் ஓரம்போல அந்த வரியிலேயே தோல் கிழிந்துவிடும். கடைசியில் இரண்டு துளை பின்னோக்கித் தைத்து நூலை அறுங்கள். வளையத்தை மடிப்புக்குள் வைக்க மறந்துவிட்டுத் தைத்து முடித்து, பிறகு எல்லாவற்றையும் பிரித்த அனுபவம் எனக்குண்டு.

நாக்கு போகிற துவாரமே பிய்ந்திருந்தால் அதை ஒட்டுப்போட்டுப் பயனில்லை. அந்தத் துண்டை வெட்டிவிட்டு, மூன்று நான்கு சென்ரிமீற்றர் உள்ளே புதிதாக மடித்துத் துவாரம் வெட்டுங்கள். பெல்ட் கொஞ்சம் குட்டையாகும். ஓட்டைகள் பல இருப்பதால் அது பொருட்டல்ல.

அமுக்குப் பொத்தான் கழன்ற பெல்ட்டில், பொத்தானைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் ஒரு சின்ன போல்ட்டும் நட்டும் போடலாம். தட்டையான தலை உடம்புப் பக்கம் இருக்கட்டும். நட்டு நாளடைவில் கழரும். அதற்கு ஒரு சொட்டு நகப்பூச்சு. நகத்தில் பூசினால் வுழூவின் தண்ணீரைத் தடுக்கிற அந்தச் சாமான், நட்டின் புரியில் பூசினால் அதை அசையவிடாமல் பிடிக்கும். வீட்டில் பிள்ளைகளிடமிருந்து பறித்து வைத்த போத்தல் இருந்தால் இதற்குப் பாவியுங்கள்.

சட்டமே உடைந்தால்

சட்டம் உடைந்தால் அது எந்த உலோகம் என்று பார்க்க வேண்டும். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பின்பக்கத்தை அரத்தால் ஒரு கீறு கீறுங்கள். உள்ளே மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, சாம்பல் நிறமென்றால் பெரும்பாலும் நாகக் கலவை. இப்போது மலிவாக விற்கிற பெல்ட்டுகளில் அநேகம் இந்த நாகக் கலவைதான். அச்சில் வார்த்து மேலே பளபளப்பாகப் பூச்சுப் போட்டிருப்பார்கள். பித்தளை என்றால் நகை செய்கிற பத்தரிடம் கொடுத்துப் பொடி வைத்து ஊதி ஒட்டலாம். நாகக் கலவையைக் கொண்டுபோய் அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். ஒட்டுப்பொடி உருக அறுநூறு பாகைக்கு மேல் சூடு வேண்டும். நாகக் கலவை நானூறு பாகைக்குள்ளேயே உருகி ஓடிவிடும். அதை எறிந்துவிட்டு, வேறு பழைய பெல்ட்டின் கொளுக்கியைக் கழற்றிப் போடுவதே வழி. அப்போது வாரின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கொளுக்கியின் உள்ளகலம் வாரைவிட ஓரிரு மில்லிமீற்றர் கூட இருக்க வேண்டும். குறைந்தால் வாரின் ஓரம் உரசிச் சிதையும்.

துளையில்லாத வாரைப் பல்லால் கடித்துப் பிடிக்கிற கொளுக்கிகள் இப்போது அதிகம். அவற்றில் உள்ளே ஒரு சுருள்வில்லும் ஒரு பல்லும் இருக்கும். பல் தேய்ந்துவிட்டால் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பலவேளைகளில் தேய்வதில்லை, அழுக்குத்தான் அடைத்திருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டித் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

மாற்றுக் கொளுக்கியே கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழியை என் உம்மாவிடம் கற்றேன்.

வாப்பாவின் பச்சை பெல்ட்

பழைய காலத்து நம் வியாபாரிகள் சாரத்தின்மேல் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட்டை நீங்கள் கண்டிருப்பீர்கள். காசு வைக்க உள்ளே பை, முன்னால் சின்னச் சின்னக் கொளுக்கிகள். தமிழ்நாட்டில் அதைச் சிங்கப்பூர் பெல்ட் என்றும் சொல்வார்கள். என் வாப்பாவிடமும் ஒன்று இருந்தது. எங்கள் ஊர் முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டையும் கடையையும் விட்டு வவுனியாப் பக்கம் வந்து, அங்கிருந்து புத்தளம் போனோம். வாப்பாவின் பெல்ட்டுப் பையில் அப்போது பெரிதாக ஒன்றுமிருக்கவில்லை. கடையின் திறப்பு ஒன்றை மட்டும் வைத்திருந்தார். நடந்துவரும் வழியில் எங்கோ ஒரு கொளுக்கியின் சட்டம் நசிந்து உடைந்துவிட்டது.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். அங்கே பக்கிள் தேடி யார் போவது? உம்மா, யாரோ எறிந்த பையொன்றின் தோள்பட்டியிலிருந்து இரண்டு இரும்பு வளையங்களைக் கழற்றினார். ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் வளைவாக இருக்கும் அரைவட்ட வளையங்கள். இரண்டையும் சேர்த்து வாரின் ஒரு முனையில் மடித்துத் தைத்தார். மறுமுனையை இரண்டு வளையத்துக்குள்ளாலும் விட்டு, திருப்பி ஒன்றின் மேலாலும் மற்றதன் உள்ளாலும் எடுத்து இழுத்தார். அது இறுகி நின்றது. நாக்கும் வேண்டாம், ஓட்டையும் வேண்டாம். இழுக்க இழுக்க இறுகும், வளையத்தை உயர்த்தினால் இளகும். பின்னாளில் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தின் நாடிப் பட்டியில் இதே இரட்டை வளையத்தைக் கண்டு ஆச்சரியப்பட்டேன்.

வாப்பா மௌத்தாகும் வரைக்கும் அந்தப் பெல்ட்டைத்தான் கட்டினார். வசதி வந்த பிறகு புதுக் கொளுக்கி போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "இது உன்ட உம்மா போட்டது, கழராது" என்றார். பச்சை நிறம் போய்விட்டது. வளையங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அந்தத் திறப்பும் அந்தப் பைக்குள்ளேயே இருக்கிறது.

கேட்கப்படும் சில கேள்விகள்

பெண்கள் இடைவாரைப் பற்றிப் பேசினால் அஸ்மா பின்த் அபூபக்ர் (ரழி) அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களுக்கும் தம் தந்தைக்கும் கட்டுச்சோறு தயாரித்தார்கள். அதைக் கட்டக் கயிறு கிடைக்கவில்லை. தம் இடைக்கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். அதனால்தான் இரு கச்சையுடையவர் என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது. நபியவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்ததையும் உடையைத் தாமே ஒட்டுப்போட்டதையும் ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒரு செருப்பின் வார் அறுந்தால் அதைத் திருத்தும்வரை மற்ற ஒற்றைச் செருப்போடு நடக்க வேண்டாம் என்ற ஹதீஸும் முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது. எறிந்துவிட்டுப் புதிது வாங்கு என்று அதில் இல்லை.

பழைய பெல்ட்டின் தோலை எடுத்து இன்னொன்றுக்கு ஒட்டுப்போடும்போது அது என்ன தோல் என்று பார்க்க வேண்டும். பதனிட்ட தோல் சுத்தமாகிவிடும். ஷாபிஈ மத்ஹபில் பன்றியும் நாயும் மட்டும் அதற்கு விலக்கு. வெளிநாட்டுப் பெல்ட்டுகளின் உட்பக்கத்தில் பன்றித் தோல் வைப்பதுண்டு. உற்றுப் பார்த்தால் மயிர்க்குழிகள் மூன்று மூன்றாகக் கூடியிருக்கும். அதுதான் அதன் அடையாளம்.

மஞ்சள் கொளுக்கியை ஆண்கள் கட்டலாமா என்று ஒரு தாய் கேட்டார். பித்தளைக்குத் தங்கத்தின் சட்டம் இல்லை, தாராளமாகக் கட்டலாம். வெள்ளியைப் பற்றி இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். போர்க்கருவிகளுக்கு ஆண்கள் வெள்ளி அலங்காரம் செய்யலாம் என்று சொல்லுமிடத்தில் இடைவாரையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் இன்றைக்கு அந்தக் கேள்வி எழப் போவதில்லை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு இஹ்ராமின்மேல் காசுப் பெல்ட் கட்ட அனுமதியுண்டு. தாபிஈன்களில் அதாஃ (ரஹ்) அவர்களின் அந்தக் கருத்தை இமாம் புகாரி பதிந்திருக்கிறார்கள். கணவருக்கோ தந்தைக்கோ பயணப் பெட்டி அடுக்குகிற சகோதரிகள் அந்தப் பெல்ட்டின் கொளுக்கியை இரண்டு மூன்று தரம் இழுத்துப் பார்த்து அனுப்புங்கள். கடவுச்சீட்டும் கைச்செலவும் அதில்தான் இருக்கும். தவாஃபின் நெரிசலில் கழன்று விழுந்தால் குனிந்து எடுக்க இயலாது.

இன்னொன்று. தொப்புளுக்குக் கீழே பிள்ளைக்கு வட்டமாகச் சொறி வந்து ஆறாமலிருந்தால் கொளுக்கியின் பின்பக்கத்தைப் பாருங்கள். பூச்சிலுள்ள நிக்கல் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. இதற்காகவே ஐரோப்பாவில் உடலில் படும் உலோகப் பொருட்களின் நிக்கலுக்கு 1994ஆம் ஆண்டு சட்டத்தால் கட்டுப்பாடு விதித்தார்கள். கொளுக்கியின் பின்னால் ஒரு துண்டுத் துணியைத் தைத்துவிடுங்கள். சொறி ஆறாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மறுநாள் காலை அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வந்தான். கூட்டத்தில் வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்த நான் அவனிடம் வந்ததும் நின்றேன். அவனாகவே சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்க, அன்று நான் கேட்ட கேள்வி பிழையென்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அது இன்னும் வெட்கமாகிவிட்டதோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம்.

பின்னேரம் அவனுடைய தாய் மகனிடம் ஒரு செய்தி சொல்லியனுப்பியிருந்தார். வெட்டியது போக மிச்சமுள்ள ஸ்போக் கம்பி மௌலவியிடம் இருந்தால் தரட்டாம். பக்கத்து வீட்டு மாமியின் பேரனுக்கும் இதே கோளாறாம். கம்பியைக் கொடுத்தேன். அரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அரம் இன்னும் திரும்பி வரவில்லை.